பிசின் கேட்ட வெள்ளிக்கிழமை

சிட்காவில் குடியேறிய நாளிலிருந்து செண்பகவடிவுக்கு வெள்ளிக்கிழமையைக் கண்டால் ஆகாது. கோவில்பட்டியில் இருந்தவரை வெள்ளிக்கிழமை விரதம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. காலையில் தலைக்குக் குளியல், மதியம் ஒரு வேளைச் சோறு, சாயங்காலம் கோயில், அவ்வளவுதான். இங்கே, அலாஸ்காவின் இந்தத் தீவு ஊரில், அவளுக்கு வாய்த்த வேலை மீன் பதப்படுத்தும் ஆலையில். வரிசை கட்டிப் போகிற சால்மன்களைத் தரம் பிரிக்கும் மேற்பார்வை. மற்ற நாளெல்லாம் வெறும் சரக்காகப் போகிற மீன், வெள்ளிக்கிழமை மட்டும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போகும். கப்பல் எஞ்சினியரான அவள் கணவன் வருஷத்தில் பாதி நாள் கடலில் கிடப்பவன். ஆகவே இந்தப் புலம்பலைக் கேட்கிற பாக்கியம் அவன் தங்கை பேச்சிக்குக் கிடைத்தது.

கேட்பதுதான் பேச்சியின் தொழிலும். குலதெய்வத்தின் பேரை வைத்தபோது அவள் அப்பா இதை நினைத்திருக்க மாட்டார். பேச்சி என்று பேர் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நாள் முழுக்கக் காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பவள் என்று மதினி கேலி செய்வாள். பேச்சி ஒரு பிசின் வாசிப்பாளர். உலகத்தில் அப்படி நூறு பேர் இருந்தால் அதிகம். அவர்களில் வேப்பம்பிசினில் தொழில் பழகியவள் அவள் ஒருத்திதான். முதன்முதலில் அவள் வாசித்தது சித்தப்பா தோட்டத்து வேப்பமரம். வாய்க்கால் தகராறில் பெரியவர்கள் என்ன பேசி முடித்தார்கள் என்று குடும்பமே கூடி நின்று கேட்டது. வந்தது ஆட்டுச் சத்தமும், அந்தப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட கெட்ட வார்த்தைகளும்தான். குடும்பம் சிரித்த சிரிப்பில் தகராறே தீர்ந்துபோயிற்று.

சிட்காவுக்கு அவளை வரவழைத்தது விழாக் குழு, தங்கியது அண்ணன் வீட்டில். ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா அமெரிக்காவின் கைக்கு வந்து இருநூறு வருஷம் நிறைகிறது. 1867 அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமை. அன்று சிட்காவின் குன்றின்மேல் ரஷ்யக் கொடி இறங்கி அமெரிக்கக் கொடி ஏறியது. தங்கம் தேடி வந்த கூட்டம், ஊரையே உலுக்கிய நிலநடுக்கம், பள்ளிக்கூடப் பையன் வரைந்து கொடுத்த மாநிலக் கொடி என்று விழாவில் காட்ட எத்தனையோ பெரிய நாட்கள் இருந்தன. ஆனால் கொடி மாறிய அந்த நாளின் நிஜச் சத்தத்தையே மக்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது குழுத் தலைவர் ஹாலோரனின் ஆசை. குன்றின் சரிவில் நின்ற கிழட்டு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் ஒரு பெரிய கிளை புயலில் முறிந்தபோது, உள்ளே பழைய கோடரி வெட்டும், அதற்குள் புளியங்கொட்டை அளவுக்குப் பொன்னிறப் பிசினும் தெரிந்தன. சோதித்ததில் வயது சரியாக அந்த வருஷத்தில் போய் நின்றது.

வந்து இறங்கிய நாளில் அவளைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தவள் லேனா. பேச்சி வயதுதான். டிலிங்கிட் இனத்துப் பெண். ரஷ்யர்கள் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்து அந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் அவள் குடும்பத்தார். ஊரில் அவர்களுக்குக் கரைவீட்டார் என்று பேர். துறைமுகத்தில் பெரிய கப்பல்களுக்கு வழிகாட்டிப் படகு ஓட்டுவது அவள் உத்தியோகம். மற்றவர்களைச் சிரிக்க வைப்பதை உத்தியோகத்தில் சேர்க்கவில்லை.

"மரம் எப்படிக் கேக்கும்? அதை எனக்குப் புரியுற மாதிரி சொல்லு," என்று லேனா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மரத்துல வெட்டுப் பட்டா பிசின் வடியும். காத்துப் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறுகும். இறுகும்போது பக்கத்துல யார் பேசினாலும் அந்த அதிர்வு அதுக்குள்ளேயே தங்கிடும். பகல்ல வடியும், ராத்திரிக் குளிர்ல கெட்டியாகும். அதனால ஒரு நாளைக்கு ஒரு அடுக்கு."

"அப்போ காடு பூரா ஒட்டுக்கேட்டுக்கிட்டு நிக்குது."

"ஆமா. ஆனா அது யார்கிட்டேயும் போய்ச் சொல்றதில்லை. ஒரு சங்கடம் மட்டும் இருக்கு லேனா. அடுக்கை வாசிக்கணும்னா ஒளியால சுட்டுத்தான் வாசிக்க முடியும். வாசிச்ச அடுக்கு புகையாப் போயிடும். ஒரு நாளை ஒரே ஒரு தடவைதான் கேக்கலாம்."

லேனா சற்று நேரம் படகின் வேகத்தைக் குறைத்து ஓட்டினாள். பிறகு தன் பங்குக்கு அவளும் ஒன்றைச் சொன்னாள். கொடி மாறிய அன்று குன்றின்மேல் ஏற அவள் முன்னோர்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் படகுகளில் உட்கார்ந்து தண்ணீரிலிருந்தே பார்த்தார்கள். கரைவீட்டு மூதாதை ஒருத்தி அங்கிருந்து குன்றை நோக்கி, இது எங்கள் இடம் என்று கூவிச் சொன்னாள் என்பது குடும்பத்தில் வழிவழியாக வரும் பேச்சு. காகிதத்தில் எங்கும் அது இல்லை. எழுதியவர்களெல்லாம் குன்றின்மேல் நின்றவர்கள். இப்போது பிசின் பேசப் போகிறது என்றதும் கரைவீட்டார் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மரம் எங்கள் பொறுப்பில் இருக்கிறது, வாசிக்கச் சம்மதம் தருகிறோம். அன்று அந்தக் குரல் கேட்டால் எங்கள் பழைய படகுத்துறை எங்களுக்குத் திரும்ப வேண்டும். மாநிலம் யோசித்து ஒப்புக்கொண்டு, முடிவு சொல்லும் பொறுப்பை ஹாலோரனிடம் விட்டது. குரல் இல்லையென்றால் அந்த இடத்தில் விழா மண்டபம் எழும்பும்.

"என் அம்மா படகு ஏறக் கத்துக்கிட்ட துறை அது. இப்போ வேலி போட்டிருக்காங்க," என்றாள் லேனா. சிரித்துக்கொண்டே சொன்னாலும் அந்தச் சிரிப்பு முழுசாக இல்லை.

வேலை ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. எந்த அடுக்கு எந்த நாள் என்று கண்டுபிடிக்க ஒரு அடையாளம் வேண்டும். பிசினின் விளிம்பிலிருந்து தானாகவே உதிர்ந்திருந்த சில்லை வாசித்தபோது தேவாலய மணி நில்லாமல் அடித்தது. ரஷ்யர்களுக்கு அக்டோபர் ஒன்றாம் தேதி மாதாவின் பெருநாள். ரஷ்ய நாள்காட்டி அப்போது நம்முடையதை விடப் பன்னிரண்டு நாள் பின்தங்கியது. ஆகவே அவர்கள் ஒன்று என்றால் நமக்குப் பதின்மூன்று. கணினி கணக்குப் போட்டு, மணி அடித்த நாளிலிருந்து ஐந்தாவது அடுக்கு என்று காட்டிக் கொடுத்தது. பேச்சியும் தலையாட்டினாள். ஹாலோரன், கரைவீட்டார், செய்தியாளர்கள் எல்லாரும் கூடியிருக்க அந்த அடுக்கை வாசித்தாள்.

மழை பெய்தது. அண்டங்காக்கைகள் கத்தின. யாரோ பெட்டிகளுக்கு ஆணி அடித்தார்கள். ஒரு பெண் ரஷ்ய மொழியில் யாரையோ கண்டித்துவிட்டு, பிறகு குழந்தை ஒன்றைத் தூங்கவைக்கத் தாலாட்டுப் போல முணுமுணுத்தாள். பீரங்கி இல்லை, முரசு இல்லை, கூவல் இல்லை. கடைசி வரை மழைதான்.

ஹாலோரன் நல்ல மனிதர். வருத்தப்பட்டார். மரம் சரிவின் அந்தப் பக்கம் இருந்ததால் சத்தம் எட்டவில்லை போலிருக்கிறது என்று அவரே ஒரு சமாதானம் சொன்னார். மீதிப் பிசினைக் கண்ணாடிப் பேழையில் வைத்து மண்டபத்தில் காட்சிக்கு வைக்கலாம் என்று தீர்மானமாயிற்று. லேனா பேச்சியின் தோளைத் தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் படகுக்குப் போனாள். எப்போதும் எதையாவது சொல்லிவிட்டுத்தான் போகிறவள் அவள்.

அன்றும் வெள்ளிக்கிழமை. பேச்சி வீட்டுக்கு வந்தபோது செண்பகவடிவு அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

"ஏட்டி பேச்சி, லேனா காலைலயே மீன் கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்கா. புகை போட்ட சால்மன். அந்தப் பெட்டியைத் தொறந்தா தெருவே மணக்கு. என்னைக்காவது வியாழக்கிழமை கொண்டாருவாளா? லேனான்னா செட்டிநாட்டுப் பக்கம் ஆம்பளப் பேரு. அதான் விரதம் கிரதம்னு ஒண்ணும் தெரியல."

பேச்சி நாற்காலியில் சாய்ந்தாள்.

"என்னட்டி, முகம் இப்படிக் கெடக்கு? குரல் வரலியா?"

"வரல மதினி. வெறும் மழை. லேனா மூஞ்சியைப் பாக்க முடியல. ஒரு நாளைக் கொன்னுட்டேன், அதுக்குப் பலனும் இல்ல."

செண்பகவடிவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பேச்சை வேறு பக்கம் திருப்புவது. "அந்தக் கொடி மாத்தின நாளைப் பத்தி ஆலைல ஒருத்தி என்னவோ சொன்னாளே. ரெண்டு வெள்ளிக்கிழமையாம்லா?"

"ஆமா மதினி. இந்த ஊர்ப் பிள்ளைங்க எல்லாத்துக்கும் தெரிஞ்ச கதை. ரஷ்யாக்காரங்க கிழக்குப் பக்கமா நாளை எண்ணிக்கிட்டே இங்க வந்து சேர்ந்தாங்க. அமெரிக்காக்காரங்க மேற்குப் பக்கமா எண்ணிக்கிட்டு வந்தாங்க. ரெண்டு பேரும் இங்க வந்து முட்டினா ஒரு நாள் இடிக்கும். அதனால இடம் கை மாறினப்போ, வெள்ளிக்கிழமை படுத்துத் தூங்குனவங்க மறுநாள் எந்திரிச்சா மறுபடியும் வெள்ளிக்கிழமை. தேதியும் ஆறிலருந்து பதினெட்டுக்குத் தாவிருச்சு."

செண்பகவடிவு வாயில் கை வைத்தாள். அவள் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. "அட பாவமே. அப்பம் விரதக்காரி ஒருத்தி இங்க இருந்திருந்தா? ஒரு வெள்ளிக்கிழமை வயித்தக் கட்டிட்டு, நாளைக்குச் சனிக்கிழமை, மீன்கொழம்பு வைக்கலாம்னு ஆசையாப் படுத்திருப்பா. எந்திரிச்சா இன்னொரு வெள்ளிக்கிழமை. நீயே எண்ணிப் பாரு, ஞாயிறு, திங்க, செவ்வா, புதன், வியாழன், வெள்ளி, திரும்பவும் வெள்ளி. இதைவிடக் கொடுமை உண்டா? நான்னா அந்தக் கொடியையே ஏத்த விட்டிருக்க மாட்டேன்."

பேச்சி சிரித்தாள். சிரித்தபடியே, மதினி எண்ணியதைத் தானும் விரல் கணுக்களில் எண்ணினாள். மாதாவின் பெருநாள் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று, வியாழன் நான்கு, வெள்ளி ஐந்து. கட்டைவிரல் அடுத்த கணுவுக்கு நகர்ந்தது. வெள்ளி, ஆறு.

அவள் சிரிப்பு நின்றது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் ஆறுதான்.

"மதினி," என்றாள் மெதுவாக. "தேதி தாவினா மரத்துக்குத் தெரியுமா?"

"மரத்துக்கு எங்கட்டி காலண்டர்? பொழுது விடிஞ்சா ஒரு நாளு, அடைஞ்சா முடிஞ்சுது."

"கம்ப்யூட்டர் பன்னிரண்டு நாளைக் கூட்டிட்டு, தேதிக் கோட்டைத் தாண்டின அந்த ஒரு நாளைக் கழிக்கவே இல்ல. நாங்க கேட்டது முதல் வெள்ளிக்கிழமை. கொடி மாறினது ரெண்டாவது வெள்ளிக்கிழமை. அது இன்னும் பிசினுக்குள்ள அப்படியே இருக்கு மதினி."

செண்பகவடிவுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நாத்தனாரின் முகம் ஒளிர்ந்ததைப் பார்த்துவிட்டு, விரதத்தையும் மறந்து அவள் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். "போ, போயி லேனாகிட்ட சொல்லு. வரும்போது அந்த மீன் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வா."

சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. துறைமுகத்தில் படகைக் கழுவிக்கொண்டிருந்த லேனாவின் முன்னால் பேச்சி போய் நின்றாள். தப்பு என்னுடையது, கணக்கைச் சரிபார்க்காமல் தலையாட்டியவள் நான்தான் என்று முதலில் அதைச் சொன்னாள். பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள்.

லேனா தண்ணீர்க் குழாயை மூடினாள். "ரெண்டு வெள்ளிக்கிழமை. எங்க ஊர்ல ஒண்ணாம் வகுப்புல சொல்லித் தர்ற கதை. உலகம் சுத்தி வந்த நிபுணர் அதுல கால் தடுக்கி விழுந்தாச்சு." அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பேச்சிக்கு அந்தச் சிரிப்பு மழை நின்ற மாதிரி இருந்தது.

ஆனால் சிரித்து முடித்ததும் லேனா படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "இப்போ எனக்குத்தான் பயமா இருக்கு. வாசிக்காம விட்டா, அந்தப் பாட்டி கூவினாங்கன்னு நாங்க சொல்லிக்கிட்டே இருக்கலாம். வாசிச்சு, அங்கேயும் வெறும் மழையா இருந்தா? துறையும் போச்சு, கதையும் போச்சு. என் அக்கா பிள்ளைங்களுக்கு ராத்திரி என்ன சொல்லித் தூங்கவைப்பேன்?"

"நீ வேண்டாம்னா நான் யார்கிட்டேயும் வாயைத் திறக்க மாட்டேன்."

"உன் பேருக்குப் பேசுறவள்னு அர்த்தம்னு உன் மதினி சொன்னாங்க."

"அர்த்தத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை."

லேனா வீட்டுக்குப் போய்ப் பெரியவர்களோடு கலந்து பேசினாள். மறுநாள் மத்தியானம் வந்து சொன்னாள்: "கேட்டுடலாம்ங்கிறாங்க. எங்க பாட்டி கூச்சப்படுற ஆள் இல்லையாம். அன்னைக்குப் பேசியிருந்தா ஊருக்கே கேக்கிற மாதிரித்தான் பேசியிருப்பாங்களாம்."

அடுத்த முட்டுக்கட்டை விழாக் குழு. பேழைக்கான கண்ணாடி கூட வந்து இறங்கியிருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு நாளைத்தானே வாசிக்கலாம் என்று இருக்கிறது என்றார் குழுவின் வழக்கறிஞர். பேச்சி மரியாதையாகவே சொன்னாள்: "ஒரு நாள்னு பொதுவா இல்லை, சார். அக்டோபர் பதினெட்டு, வெள்ளிக்கிழமைன்னு இருக்கு. அந்த நாளை நாங்க இன்னும் வாசிக்கவே இல்லை."

ஹாலோரன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். முகம் சிவந்தது. அவரும் சிட்காவில் ஒண்ணாம் வகுப்புப் படித்தவர்தான்.

அடுத்த வாரம் அதே அறை, அதே ஆட்கள். செண்பகவடிவும் ஆலையில் விடுப்பு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பேச்சி ஆறாவது அடுக்கில் ஒளியைக் குவித்தாள். பிசினிலிருந்து நூல் போலப் புகை எழுந்தது.

முதலில் காற்று. பிறகு பூட்ஸ் கால்கள், நிறைய. முரசு. பீரங்கி ஒன்று முழங்கியதும் அறையில் பாதிப் பேர் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டார்கள். மலைகள் அந்த முழக்கத்தைத் திருப்பி அனுப்பின. ஹாலோரன் கண்களை மூடிக்கொண்டார். இதற்காகத்தான் மனிதர் இத்தனை வருஷம் காத்திருந்தார்.

அதன்பின் ஒரு கயிறு கிறீச்சிட்டது. நின்றது. மறுபடி கிறீச்சிட்டது. யாரோ அதிகாரமாக ரஷ்ய மொழியில் கத்தினார்கள். வரலாற்றில் இது எழுதப்பட்டிருக்கிறது: இறங்க வேண்டிய ரஷ்யக் கொடி கம்பத்தில் சிக்கிக்கொண்டு வர மறுத்தது. ஆள் ஏற வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் அந்த நேரத்தைக் கனமான மௌனம் என்று எழுதிவைத்தார்கள்.

மௌனமெல்லாம் இல்லை. கீழே, தண்ணீரிலிருந்து, சிரிப்புச் சத்தம் வந்தது. ஒருவர் இருவர் அல்ல, பல படகுகள் நிறையச் சிரிப்பு. துடுப்பால் படகின் விளிம்பைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். லேனாவின் முகம் வெளுத்தது. கூவல் வேண்டிய இடத்தில் சிரிப்பு. பேச்சி ஒளியைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தாள், செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்போது சிரிப்பைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்குரல் எழுந்தது. தெளிவான, பழக்கப்பட்ட, அக்கரையில் இருப்பவரை இக்கரையிலிருந்தே கூப்பிடுகிற குரல். நாலைந்து வாக்கியம் பேசியது. படகுகள் மறுபடியும் வெடித்துச் சிரித்தன. குன்றின்மேலும் யாரோ ஒருவன், மொழி தெரியாமலே, கூடச் சேர்ந்து சிரித்தான். பீரங்கி முழங்கி எல்லாவற்றையும் மூடியது.

புகை அடங்கியது. கரைவீட்டுப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து செண்பகவடிவு எழுந்து ஓடினாள். அழுகையும் இருந்தது, ஆனால் முக்கால்வாசி சிரிப்பு.

"என்ன சொன்னாங்க?" என்று ஹாலோரன் கேட்டார்.

லேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைப் போலவே குரலை உயர்த்திச் சொன்னாள்: "பொத்தான் சட்டைக்காரங்களே, துணி மாட்டிக்கிச்சா? மெதுவா, மெதுவா. அந்தக் கம்பம் எங்க மரம், முறிச்சிராதீங்க. உங்க துணியை எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கோங்க. போகும்போது மட்டும் எல்லாத்தையும் இருந்த மாதிரியே வெச்சிட்டுப் போங்க."

அறை குலுங்கியது. செய்தியாளர்கள் சிரித்தார்கள். வழக்கறிஞர் மட்டும் கடமை தவறாதவர். "ஆனால் இது கேலிதானே. உரிமை கோரியதாக எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? 'our tree' என்று அந்தப் பெண் சொன்னது எல்லாருக்கும் பொதுவான மரம் என்றும் இருக்கலாமே," என்றார் ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்தில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் உண்டு. பேச்சி யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: "லேனா, உங்க மொழியில அதுக்கு ரெண்டு வார்த்தை இருக்கா? எங்க மொழியில இருக்கு. உன்னையும் சேர்த்துச் சொன்னா 'நம்ம'. உன்னை வெளியில நிறுத்திட்டுச் சொன்னா 'எங்க'."

"நம்ம, எங்க," என்று லேனா நாக்கில் உருட்டிப் பார்த்தாள். "இல்லை, எங்களுக்கு ஒரே வார்த்தைதான். ஆனா படகுல இருக்கிறவ, மேலே பூட்ஸ் போட்டு நிக்கிறவனைப் பார்த்து, முறிச்சிராதேன்னு சொல்றா. இதுக்கு ரெண்டாவது வார்த்தை வேற வேணுமா?"

ஹாலோரன் தலையைக் குனிந்து எதையோ நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு வழக்கறிஞர் பக்கம் திரும்பினார்.

"நான் கல்லூரியில் படித்தபோது ஒரு அம்மாள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். சுவரில் படம் மாட்ட நான் ஆணியை எடுத்தால், அந்த அம்மாள் கீழே இருந்தே சத்தம் போடுவாள். படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றிக்கொள், சுவர் என்னுடையது, காலி செய்யும்போது இருந்த மாதிரி இருக்க வேண்டும் என்பாள். அவள் ஒரு நாள்கூடப் பத்திரத்தை எடுத்து என்னிடம் நீட்டவில்லை. வீட்டுக்காரி யார் என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததும் இல்லை." அவர் எழுந்து கரைவீட்டார் முன்னால் போய் நின்றார். "உரிமை கோருகிறவர்கள் கெஞ்சுவார்கள், அல்லது கத்துவார்கள். இப்படிக் கேலி பேசுவது வீட்டுக்காரர்கள் மட்டும்தான். துறை உங்களுடையது."

அடுத்து நடந்ததை ஒழுங்காகச் சொல்வது சிரமம். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்று தெரியாமல் கட்டிக்கொண்டார்கள். செண்பகவடிவு வழக்கறிஞரையே கட்டிக்கொண்டுவிட்டாள் என்பது மட்டும் பின்னால் படத்தில் பார்த்துத் தெரிந்தது. தவறி வாசித்த முதல் வெள்ளிக்கிழமையும் வீணாகவில்லை. தேவாலயத்துப் பாடகர்கள் வந்து அந்தத் தாலாட்டின் பதிவைக் கேட்டு வாங்கிப் போய்ப் பழக ஆரம்பித்தார்கள்.

விழா நாள் வந்தது. 2067 அக்டோபர் பதினெட்டு. செவ்வாய்க்கிழமை.

"செவ்வாய்க்கிழமையா?" என்று செண்பகவடிவு அதிர்ந்தாள். அவள் வீட்டு வழக்கத்தில் வெள்ளியும் செவ்வாயும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் கவிச்சி கிடையாது. "ஏட்டி, இந்த அமெரிக்காக்காரனுக்குப் புதன்கிழமையில ஒரு நல்ல காரியம் நடத்தத் தெரியாதா?"

துறையின் வேலி எடுக்கப்பட்டிருந்தது. கரை முழுக்கத் தீ மூட்டி, கம்புகளில் குத்திய சால்மன்கள் அதைச் சுற்றி வெந்துகொண்டிருந்தன. கரைவீட்டுப் பிள்ளைகள் படகுகளைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அந்தச் சிரிப்பு ஒலித்தபோது ஊரே சேர்ந்து சிரித்தது. இருநூறு வருஷம் கழித்தும் அந்தக் கேலி ஆறிப்போகவில்லை.

லேனா கையில் இலையால் மூடிய தட்டோடு செண்பகவடிவிடம் வந்தாள். "இது நாளைக்கு. புதன்கிழமைக்கு. நான் விசாரிச்சு வெச்சிருக்கேன்," என்றாள். செண்பகவடிவு அந்தத் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூக்கை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பேச்சி சரிவில், ஸ்ப்ரூஸ் மரத்தடியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறிந்த கிளையின் காயத்தில் புதுப் பிசின் கண்ணாடி போல வடிந்துகொண்டிருந்தது. லேனா மேலே ஏறி வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிசினைப் பார்த்தாள், பேச்சியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"இதுவும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா?"

"இருக்கு."

"இன்னும் இருநூறு வருஷம் கழிச்சு யாராவது வாசிப்பாங்களா?"

"வாசிக்கலாம். அவங்களாவது கிழமையைச் சரியா எண்ணட்டும்."

லேனா மரத்தின் அருகே போனாள். காயத்துக்கு நேராக வாயைக் கொண்டுபோய், கீழே தெரிந்த தீயையும் படகுகளையும், கையில் தட்டோடு நின்ற செண்பகவடிவையும், பக்கத்தில் நின்ற பேச்சியையும் சேர்த்துக் கை வீசிக் காட்டினாள். பேச்சியின் மொழியில் அவளுக்குத் தெரிந்தது இரண்டே வார்த்தைகள். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூன்றாவதாக ஒரு வார்த்தையை யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள் போலிருக்கிறது, நிறுத்தி நிதானமாகத் தமிழில் சொன்னாள்.

"நம்ம துறை."